குமாரதாஸ் டாக்டரின் வராந்தாவில் ரத்தினம்

ரத்தினம் அஞ்சுகிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்காக மூன்று பிள்ளைகள் அந்த வீட்டில் காத்திருந்தன. மூத்தவள் லீலாபாய் எட்டு வயதுக்காரி. எதையும் உற்றுப் பார்ப்பாள், வாய் திறக்க மாட்டாள். அடுத்தவன் ஜஸ்டஸ், உடம்பெல்லாம் சிரங்கோடு திரிந்தான். கடைசிப் பையன் ஜான்ரோஸ் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. அவனைப் பெற்ற சில நாளிலேயே தாய் கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் ஜெபதாஸ் கருப்பட்டி வியாபாரி. வாரத்தில் பாதி நாள் பணகுடி, வள்ளியூர்ச் சந்தைகளில் மாட்டு வண்டியோடு கிடப்பார். இப்படியே விட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று சபையார் வற்புறுத்தி, திருவட்டாறுப் பக்கத்தில் பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம்.

மேற்கே இருந்து வந்தவள் ஆனதால் அவள் பேச்சே வேறு மாதிரி இருந்தது. ஜான்ரோஸைக் "கொச்சு" என்றாள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் "தீனம்" என்றாள். கிணற்றடியில் பெண்கள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். ரத்தினமும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காதவள் ஒருத்திதான்: செத்துப்போனவளின் அக்கா இசபெல். அடுத்த தெருவில் வீடு. தினமும் ஒரு தடவையாவது வந்து பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். சித்தி சோறு போட்டாளா என்று வாயால் கேட்கமாட்டாள், கை கேட்கும்.

வந்த முதல் வாரத்திலேயே ரத்தினம் ஜெபதாஸிடம் சொன்னாள்: "ஜஸ்டஸ டாக்டருக்கிட்ட கொண்டு போவணும்."

"சிரங்குக்கெல்லாம் டாக்டரா? வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போட்டா ஆறிப்போவும்."

"எப்பத்திலேருந்து போடுதிய?"

"அது... போன மழைக்காலத்திலேருந்து."

"ஆறிச்சா?"

ஜெபதாஸ் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். ரத்தினம் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். நீளமான தழும்பு ஒன்று அங்கே பளபளத்தது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது முள் குத்திச் சீழ் வைத்து, கால் போய்விடும் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், மிஷன் ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப்போட்டு நடக்கவைத்தார்கள். "இந்தக் கால் இன்னைக்கு உங்க வீட்டுல நடக்குதுன்னா அது ஒரு டாக்டர் கீறினதுனாலயாக்கும்" என்றாள். ஜெபதாஸ் மடியிலிருந்து டாக்டருக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் கட்டடத்தில் முன்பக்கத்தை வாடகைக்கு எடுத்துக் குமாரதாஸ் டாக்டர் வைத்தியம் பார்த்தார்; ஊர் அதை டாக்டர் வீடு என்றது. நாகர்கோவில்காரர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, முன்கோபம். உள்ளறையில் அவர், வராந்தாவில் இரண்டு நீள பெஞ்சு, மூலையில் பாதிக் கதவுக்குப் பின்னால் கம்பவுண்டர் டைட்டஸ். மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே குப்பி கொண்டுவர வேண்டும். டைட்டஸ் அதைக் கழுவி, மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகப் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதத்தைக் குப்பியின் மேல் ஒட்டிக் கொடுப்பார்.

"பிள்ளைக்க அம்மாவா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஓ. இந்த மாசத்திலேருந்து."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜஸ்டஸின் விரலிடுக்கைப் பார்த்தார். கந்தகக் களிம்பு எழுதினார். "இவனுக்கு மட்டும் போட்டாப் பத்தாது. வீட்டுல இருக்க அத்தன பேரும் கழுத்திலேருந்து கால்வரைக்கும் தேய்க்கணும், அரிப்பு இருந்தாலும் இல்லேன்னாலும். துணி, பாய், தலையணை உறை எல்லாம் வெந்நியில முக்கி வெயில்ல போடணும். செய்வியா?"

"செய்வேன். அவியளுக்கும் போடணுமா? பிள்ளையளுக்க அப்பாவுக்கு?"

"அவரு வீட்டுலதான படுக்காரு?"

அன்று சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பிய ஜெபதாஸைப் புறவாசலிலேயே நிறுத்திக் களிம்பு பூசினாள் ரத்தினம். அடுத்த வள்ளியூர்ச் சந்தையில் அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு வியாபாரிகள் யாரும் கடை விரிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துபோனார்கள். வந்து ரத்தினத்திடம் கத்தினார். அவளோ ஜஸ்டஸைக் காட்டினாள். பையன் சொறியாமல், குப்புறப் படுத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஜெபதாஸ் கொஞ்சநேரம் அவனையே பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதோடு ரத்தினத்துக்கு டாக்டர் வீடு பழகிப்போயிற்று. ஜான்ரோஸின் காதில் சீழ் வந்தால் போனாள். லீலாபாய்க்கு வயிற்றில் பூச்சி என்றால் போனாள். ஜஸ்டஸ் தும்மினாலும் போனாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யாரைச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாதா? சொந்தத் தாய் கவனிக்காமல் விட்டால் அது மறதி. சித்தி விட்டால் அது வேறு.

ஒருநாள் டாக்டர் பொறுமை இழந்தார். "ரத்தினம், அந்த பெஞ்சுல உனக்கு ஒரு எடம் எழுதித் தந்திரட்டா? மூக்கு ஒழுகுகதுக்கு நான் என்ன மருந்து தர?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரத்தினம் அசையவில்லை.

"அப்பம் எதுக்கு வரணும், எதுக்கு வரண்டாம்னு சொல்லித் தாங்க அய்யா. சொல்லாம ஏசினா எனக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர்தான், ஆனால் நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுகிறவர் இல்லை. ஜான்ரோஸை மேசைமேல் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றினார்.

"இஞ்ச பாரு. சளி, இருமல், லேசாக் காய்ச்சல், ஆனா பிள்ளை விளையாடுகான், குடிக்கான், மூத்திரம் போறான்னா வீட்டுலயே வச்சுக்கோ. மூக்கு ஒழுகினா ஒழுகட்டும். ஆனா சட்டையக் கழத்திப் பாக்காம முடிவு பண்ணாத. மூச்சு இழுக்கும்போ இந்த விலாவுக்குக் கீழ குழி விழுதா? மூக்கு ரெண்டும் விரிஞ்சு விரிஞ்சு சுருங்குதா? அப்பம் அடுப்புல சோறு கிடந்தாலும் விட்டுட்டு ஓடி வா. வயித்தால போச்சுன்னா கஞ்சித்தண்ணில உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா, நிறுத்தாம குடு. கண்ணு குழிஞ்சு, அழுதாலும் கண்ணீர் வரல்லன்னா ஓடி வா."

ரத்தினம் ஜான்ரோஸின் நெஞ்சில் தன் கையை வைத்துப் பார்த்தாள். நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்தால்தானே கெட்ட மூச்சு தெரியும்! கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னாள். அதன் பிறகு அவள் வரவு குறைந்தது. "என்ன, ஆளையே காணல்ல?" என்று டைட்டஸ்கூட ஒருநாள் சந்தையில் வைத்துக் கேட்டார்.

மறுவருஷம் பங்குனி வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து லீலாபாய் காய்ச்சலோடு வந்தாள். கண் சிவந்து நீர் வடிந்தது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பினாள். காய்ச்சல் இறங்காமல் காதுக்குப் பின்னால் சின்னச் சின்னப் பொரியாகக் கிளம்பியதும் ரத்தினம் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனாள். வராந்தாவில் கைக்குழந்தைகளோடு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டர் எழுந்தே விட்டார்.

"வெளிய! வெளிய கொண்டு போ! மணல்வாரி போட்ட பிள்ளைய இத்தன கொழந்தைக்கு நடுவுல கொண்டு வாறியே, அறிவு இருக்கா?"

மணல்வாரி அம்மை என்றதும் பெஞ்சில் இருந்த பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு விலகினார்கள். ரத்தினம் முற்றத்துப் பூவரச மரத்தடிக்குப் போய் நின்றாள். நின்றுகொண்டே குரல் கொடுத்தாள்.

"மணல்வாரின்னு எனக்கே தெரிஞ்சா நான் எதுக்கு இஞ்ச வாறேன்? தெரியாததுக்குத்தான அய்யா டாக்டரு?"

பாதிக் கதவுக்குப் பின்னால் டைட்டஸ் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். டாக்டர் மரத்தடிக்கு வந்தார். லீலாபாயின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "சரி. இனி பிள்ளை மேல பொரி கண்டா, கக்குவான் இருமல் வந்தா, உள்ள வராத. இந்த மரத்துக்கடியில நின்னு டைட்டஸக் கூப்பிடு. நான் வந்து பாக்கேன். இப்பம் இவளக் கொண்டு போய்ப் படுக்க வையி. நெறய தண்ணி குடு. கண்ணுல வெயில் அடிக்காம பாத்துக்கோ, ஆனா காத்து வரட்டும். மத்த ரெண்டுக்கும் வரும். வந்தா ஆள் அனுப்பு."

வீட்டுக்கு வந்தபோது இசபெல் வாசலில் நின்றாள். அம்மை போட்ட பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோன செய்தி அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது.

"ஏட்டி, அம்மை போட்ட பிள்ளைய எவளாவது வெளிய எடுப்பாளா? மருந்து குடுத்தா உள்ளுக்குத் தள்ளிரும்னு தெரியாதா? சன்னல அடை. தண்ணி குடுக்காத. பெத்தவ இருந்தா இப்பிடிச் செய்வாளா?"

கடைசி வார்த்தை ரத்தினத்துக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "அக்கா, வேப்பிலை வைக்கணும்னா வையுங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா தண்ணி நான் குடுப்பேன். சன்னலும் தொறந்துதான் கிடக்கும். வெயிலுக்குச் சேலையத் தொங்கவிடுகேன்."

இசபெல் வேப்பங்கொத்து ஒடித்து வந்தாள். சபை உபதேசியார் பார்த்தால் வேதக்கோவிலில் வைத்து ஏசுவார் என்பதால் அதை முன்வாசலில் செருகாமல் புறவாசல் நிலையில் செருகினாள். தண்ணீரும் வேப்பிலையுமாக லீலாபாய் எழுந்தாள். அதற்குள் ஜஸ்டஸுக்குப் போட்டது. அவனும் எழுந்தான். கடைசியாக ஜான்ரோஸுக்கு. பொரி அடங்கி, தோல் உதிரத் தொடங்கி, கஞ்சி கேட்டு அழுதான். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஜெபதாஸ் வண்டியைப் பூட்டிக்கொண்டு பணகுடிக்குப் போனார்.

அவர் போன மறுநாள் காலையில் ஜான்ரோஸுக்கு மறுபடியும் காய்ச்சல் கொதித்தது. கஞ்சியைத் தள்ளிவிட்டான். மூச்சு விடும்போது ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒரு முனகல். ரத்தினம் அவன் சட்டையைக் கழற்றினாள். விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. மூக்கு இரண்டும் விரிந்தன. அவள் அடுப்பிலிருந்த பானையை அப்படியே விட்டுப் பிள்ளையை எடுத்தாள்.

வாசலில் இசபெல். "எங்க போற? அம்மை எறங்கித் தண்ணி ஊத்தல்ல, அதுக்குள்ள எங்க கொண்டு போற? அவன எங்கிட்டத் தா. எனக்க தங்கச்சி பிள்ளைய நான் பாத்துக்கிடுகேன்."

தெருவில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. ரத்தினம் தட்டிவிட்டுப் போகலாம், சண்டை போடலாம். அவள் பிள்ளையை இசபெலின் கையில் கொடுத்தாள்.

"பிடியுங்க அக்கா. கைய இஞ்ச வையுங்க. விலாவுக்குக் கீழ. மூச்சு எப்பிடிப் போவுதுன்னு நீங்களே பாருங்க."

இசபெலின் கை பிள்ளையின் விலாவில் பதிந்தது. எத்தனையோ நாள் அந்தப் பிள்ளையின் வயிற்றைத் தடவிய கைதான். அந்தக் கைக்குப் புரிந்தது. அவள் முகம் மாறியது.

"ஏட்டி ரத்தினம்... இது என்னது இப்பிடி இழுக்கு?"

"அதான் சொல்லுகேன். நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாங்க. வெயில் படாம மூடிக்கிடுங்க. நான் முன்னால ஓடி டாக்டரப் பிடிக்கேன். வெளிய எங்கயும் போயிரப்பிடாது."

தழும்புக் காலோடு ரத்தினம் ஓடினாள். டாக்டர் அப்போதுதான் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே இசபெல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். மரத்தடியிலேயே வைத்து நெஞ்சைக் கேட்டார் டாக்டர். ஒரு பக்கம் கேட்டார், மறுபக்கம் கேட்டார், முதல் பக்கத்தைத் திரும்பக் கேட்டார்.

"நிமோனியா. அம்மைக்குப் பொறவு நெஞ்சுல எறங்கியிருக்கு. நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்ட." அவர் ஒளிக்கவில்லை. "இதைக் கொல்லுக மருந்து எங்கிட்ட இல்ல. பிள்ளைக்க உடம்புதான் சண்டை போடணும். நாம அதுக்குத் துணை நிக்கணும். சாய்வா வச்சுக்கிடணும், படுக்க வைக்கப்பிடாது. ஆளிவிதை அரைச்சு இளஞ்சூட்டுல நெஞ்சுல கட்டணும். ஒரு கரண்டி, ஒரு கரண்டியா குடிக்கக் குடுக்கணும். காலையும் சாயந்தரமும் நான் வாறேன். ஒரு ஆளால முடியாது. யாரு இருக்கா உங்கூட?"

ரத்தினம் வாயைத் திறக்குமுன் இசபெல் சொன்னாள்: "நான் இருக்கேன்."

இருவரும் மாறி மாறிப் பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஆளிவிதை அரைத்தால் மற்றவள் கரண்டியால் பார்லித்தண்ணி கொடுத்தாள். கட்டின் சூட்டை ரத்தினம் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைமேல் வைத்தாள். இசபெலும் அப்படியே செய்யப் பழகினாள். லீலாபாய் யாரும் சொல்லாமலே ஜஸ்டஸுக்குச் சோறு போட்டாள். பணகுடியிலிருந்து திரும்பிய ஜெபதாஸ் பிள்ளையைப் பார்த்துவிட்டு மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றுகொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று கிணற்றடியில் வாளியை இறக்கிய ரத்தினம் கயிற்றைப் பிடித்தபடியே நின்று அழுதாள். செத்தவளிடம் என்ன பதில் சொல்வது என்று நினைத்தாள். பிறகு வாளியை இழுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இசபெல் அவள் கண்ணைப் பார்த்தாள். கருப்பட்டிக் காப்பியை ஆற்றி அவள் கையில் கொடுத்து, "குடிச்சுட்டுப் பிள்ளைய வாங்கு. எனக்குக் கை வலிக்கு" என்றாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் நேரம், ஜான்ரோஸுக்கு வேர்த்தது. நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் நனைந்து, உடம்பு குளிர்ந்தது. இசபெல் பயந்துபோய் அலறினாள். ரத்தினம் விலாவைத் தொட்டாள். குழி விழவில்லை. முனகலும் நின்றிருந்தது. பையன் கண்ணைத் திறந்து இரண்டு பெண்களையும் பார்த்து, "காப்பி" என்றான்.

டாக்டர் வந்து நெஞ்சைக் கேட்டுவிட்டு, "இனி பயமில்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் இசபெல் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

முன்பு சொன்னதற்கெல்லாம் இசபெல் ஒருநாளும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி சித்தி அது இதென்று எதையோ தொடங்கினாள். இசபெல் அவளை முடிக்கவிடவில்லை. "ஏட்டி, உனக்க பிள்ளைக்கு மூச்சு முட்டினா மொதல்ல அவளக் கூப்பிடு. பொறவு என்னயக் கூப்பிடு" என்றாள். மெதுவாகவும் சொல்லவில்லை, உபதேசியாருக்கே கேட்டது.

ஊர்ப் பெண்கள் கூப்பிட்டார்கள். ரத்தினத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து, வீடு நிறைந்துபோன காலத்திலும் யாராவது ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ரத்தினம் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை. சட்டையைக் கழற்றச் சொல்வாள், பார்ப்பாள். "இது வீட்டுல வச்சே மாறும்" என்பாள். இல்லாவிட்டால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எழும்பு, போவம்" என்பாள். ஒருமுறை தவறியது. கீழத்தெரு முத்துக்கனி அய்யாவழிக்காரி, நெற்றியில் நாமத்தோடு வருவாள். அவள் மகனுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ரத்தினம் சொல்லிவிட்டாள். அது டைபாய்டாக இருந்தது. டாக்டர் இருவரையும் சேர்த்து ஏசினார். பையன் மெலிந்து குச்சியாகி ஒருவழியாக எழுந்தான். "நான் சொன்னது தப்பாப் போச்சு முத்துக்கனி. இனி காய்ச்சல் ரெண்டு நாளு தாண்டிச்சுன்னா எங்கிட்ட வராத, நேரே அங்க போ" என்று ரத்தினமே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். முத்துக்கனி பிறகும் முதலில் ரத்தினத்திடம்தான் வந்தாள்; இருவருமாகச் சேர்ந்து டாக்டர் வீட்டுக்குப் போனார்கள்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் அந்த வீட்டுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. ஜஸ்டஸுக்குத்தான் முதலில் கன்னம் வீங்கியது. பிறகு ஜான்ரோஸ், பிறகு சின்னப் பெண்கள் இருவரும். ரத்தினம் கலங்கவே இல்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கவைத்தாள், கஞ்சியை நெகிழக் காய்ச்சினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வரிசையாகப் பாயில் போட்டாள். லீலாபாய் தம்பி தங்கைகளைப் பார்த்துச் சிரிக்க, வலியோடு அவர்களும் சிரித்தார்கள். எல்லோருக்கும் இறங்கிவிட்டது என்று இருந்தபோது ஒரு காலையில் ஜெபதாஸ் இரண்டு கன்னமும் வீங்கி எழுந்து உட்கார்ந்தார்.

பொன் போட்டால் இறங்கும் என்று இசபெல் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் மீசை நரைத்த ஆள், சங்கிலியும் வீங்கிய கன்னமுமாக, பணகுடிக்குப் போக வண்டிக்காரனிடம் வண்டியைப் பூட்டச் சொன்னார். கருப்பட்டி கட்டி அடுக்கிக் கிடந்தது. சாரல் காற்று தொடங்கிவிட்டது. ஈரம் ஏறினால் சரக்கு கசிந்து ஒன்றுக்கும் ஆகாது. ரத்தினம் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

குமாரதாஸ் டாக்டர் சங்கிலியைப் பார்த்தார், மனிதரைப் பார்த்தார். "சங்கிலி கிடக்கட்டும், அது ஒண்ணும் செய்யாது. ஆனா பிள்ளையளுக்கு வாறது மாதிரி இல்ல வேய் பெரிய ஆளுக்கு வந்தா. நான் சொல்லுகதுவரைக்கும் கட்டிலவிட்டு எறங்கப்பிடாது. வண்டியில குலுங்கிப் போனீரு, பொறவு வேற எடத்துல வீங்கும். அப்பம் எங்கிட்ட அழப்பிடாது."

ஜெபதாஸ் சட்டென்று படுத்துக்கொண்டார்.

"அப்ப சரக்கு?" என்று கட்டிலிலிருந்து முனகினார்.

ரத்தினம் இசபெலைப் பார்த்தாள். இசபெல் ரத்தினத்தைப் பார்த்தாள். லீலாபாயிடம் தகப்பனுக்குக் கொப்பளிக்க வெந்நீர் போடச் சொல்லிவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். மாடுகளைப் பூட்டிய வண்டிக்காரனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டு பெண்கள் கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தபிறகுதான் அவன் சாட்டையை எடுத்தான். எல்லைச் சுங்கச் சவுக்கையைத் தாண்டி வண்டி பணகுடிப் பாதையில் திரும்பும்போது, "ஏட்டி, விலை கேட்டா நீ பேசாத. உனக்க பேச்சக் கேட்டா ஏமாத்திருவான். நான் பேசுகேன்" என்றாள் இசபெல்.

"நீங்க விலை சொல்லுங்க அக்கா. கொறைக்க மாட்டேன்னு நான் சொல்லுகேன்" என்றாள் ரத்தினம்.

அன்று பொழுது சாய்வதற்குள் சரக்கு முழுதும் விற்றுத் தீர்ந்தது.